குடும்பத்தோடு பாலையில் ஆறு இரவுகள்: டெத் வேலி முதல் ஜாஷுவா ட்ரீ வரை ஒரு முழுமையான முகாம் வழிகாட்டி

பாலைவன முகாம் என்றதும் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சரியான மாதத்தில் போகும் குடும்பத்தைப் பாதியில் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் வெயில் அல்ல. இரவுக் குளிரும், நள்ளிரவில் திடீரென எழும் காற்றும், தீர்ந்துபோன தண்ணீரும்தான். எனவே கலிபோர்னியாவின் இரண்டு பெரும் பாலைவனத் தேசியப் பூங்காக்களான டெத் வேலியையும் ஜாஷுவா ட்ரீயையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புவோருக்கான இந்த வழிகாட்டியில், பார்க்க வேண்டிய இடங்களுக்குச் செலவிடும் அளவுக்குக் கூடாரத்து முளைகளுக்கும் தண்ணீர்க் கேன்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதற்படி: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

பழைய தமிழ் இலக்கண மரபு பாலைத் திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வகுத்தது. பிள்ளைகளோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை இந்த இரண்டையும்தான். ஆனால் அதே மரபு பின்பனிக் காலத்தையும் பாலைக்கு உரியதாகச் சொல்கிறது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையிலான அந்தப் பருவமே இந்தப் பயணத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது. அடுத்ததாக நவம்பர் மாதத்தைச் சொல்வேன்.

டெத் வேலியின் ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 பாரன்ஹீட், அதாவது 56.7 டிகிரி செல்சியஸ், இன்றும் உலகின் அதிகபட்ச வெப்பப் பதிவாக ஏற்கப்படுகிறது. கோடையில் தாழ்வான பகுதிகளில் காலை 10 மணிக்கு மேல் நடக்கவே வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பகல் இதமாக இருக்கும். ஆனால் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். அதன்பின் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கூடாரத்துக்குள் பிள்ளைகளைச் சமாளிப்பது எப்படி என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கோடைநேர வழக்கப்படி மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திய பிறகு, மாலை ஏழு மணி வரை வெளிச்சம் கிடைக்கிறது. இந்த ஒரே காரணத்துக்காகவே மார்ச் நடுப்பகுதியை நான் விரும்புகிறேன்.

வசந்தத்தில் பாலை பூத்துக் குலுங்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் பயணத்தை அமைக்க வேண்டாம். 2005, 2016 ஆண்டுகளில் டெத் வேலியில் நடந்ததுபோன்ற பெரும்பூப்பு, முந்தைய குளிர்காலத்து மழை உரிய நேரத்தில் உரிய அளவில் பெய்தால் மட்டுமே வாய்க்கும்.

இரண்டாம் படி: வழியும் பதிவும்

லாஸ் வேகஸில் விமானம் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, அங்கேயே உணவுப் பொருள்களையும் எரிவாயுக் குப்பிகளையும் வாங்கிக்கொள்வது எளிது. எரிவாயுக் குப்பியை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது. அங்கிருந்து ஃபர்னஸ் க்ரீக் சுமார் 120 மைல், இரண்டு மணி நேரப் பயணம். மூன்று இரவுகள் டெத் வேலியில் தங்கி, நான்காம் நாள் மொஹாவி தேசியப் பாதுகாப்பகத்தின் ஊடாகத் தெற்கே இறங்கி, அடுத்த மூன்று இரவுகளை ஜாஷுவா ட்ரீயில் கழிக்கலாம். இன்னொரு பூங்காவையும் இதற்குள் திணிக்க ஆசை வரும். பிள்ளைகள் காருக்குள் கழிக்கும் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் அந்த ஆசை தானாக அடங்கிவிடும்.

குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வார இறுதி இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். ஃபர்னஸ் க்ரீக் முகாமையும் ஜாஷுவா ட்ரீயின் பெரும்பாலான முகாம்களையும் அரசின் ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆறு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். ஜாஷுவா ட்ரீயில் ஓர் இடத்துக்கு அதிகபட்சம் 6 பேர், 3 கூடாரங்கள், 2 வாகனங்கள் என்பது விதி. ஆகவே இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போனால் இரண்டு இடங்கள் எடுக்க வேண்டியிருக்கும். விசிட்டர் சென்டரில் கேட்டால் எப்படியாவது ஓரிடம் தருவார்கள் என்று நம்பிப் போவது, இருட்டிய பிறகு பிள்ளைகளோடு விடுதி தேடுவதில்தான் முடியும்.

நுழைவுக் கட்டணம் ஒவ்வொரு பூங்காவுக்கும் வாகனத்துக்கு 30 டாலர். ஏழு நாள்களுக்குச் செல்லும். அமெரிக்காவில் வசிப்போருக்கான ஆண்டுச் சீட்டு 80 டாலர் என்பதால், அதே ஆண்டில் மூன்றாவது பூங்கா ஒன்றுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதை வாங்குவதே லாபம். வீட்டில் நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தக் கல்வியாண்டுக்கு இலவசச் சீட்டே கிடைக்கும். நுழைவாயிலில் பணத்தாள் வாங்குவதில்லை, அட்டை வேண்டும்.

மூன்றாம் படி: தண்ணீர்க் கணக்கு

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர். குறைந்தபட்ச அளவு இது. நடைபயணம் போகும் நாளில் இரண்டு கேலன் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஃபர்னஸ் க்ரீக் முகாமில் குழாய் உண்டு. ஆனால் ஜாஷுவா ட்ரீயின் முகாம்களில் பிளாக் ராக், காட்டன்வுட் இரண்டில் மட்டுமே குடிநீர் கிடைக்கிறது. பாறைகளுக்கு நடுவே அமைந்த, எல்லோரும் விரும்பும் ஜம்போ ராக்ஸில் ஒரு சொட்டுகூட இல்லை. நால்வர் அடங்கிய குடும்பம் அங்கே மூன்று நாள் தங்கினால் குடிக்க மட்டும் 12 கேலன் வேண்டும். சமையல், பாத்திரம், கைகழுவல், ஒரு நீண்ட நடை ஆகியவற்றைச் சேர்த்தால் 20 கேலனுக்குக் குறைவாகப் போகக் கூடாது.

இருபது கேலன் தண்ணீர் என்பது 75 கிலோ எடை. எனவே எப்படி எடுத்துச் செல்வது என்பதையும் யோசிக்க வேண்டும். முதல் பயணத்தில், கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் கேலன் குப்பிகளை அடுக்கிக்கொண்டு போனோம். மேடும் பள்ளமுமான சாலையில் ஒன்றோடொன்று உரசி, அடிப்புற மூலையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, மூன்று குப்பிகள் காலியாகிவிட்டன. அடியில் இருந்த ஸ்லீப்பிங் பேக் ஒன்று முழுக்க நனைந்துபோனது. அதன்பின் கெட்டியான கேன்களையே எடுத்துச் செல்கிறேன். ஏழு கேலன் கேன் நிறைந்தால் பெரியவருக்கே தூக்கச் சிரமம். நான்கு கேலனுக்கு உட்பட்ட ஐந்தாறு கேன்கள் எளிது. ஒன்று ஒழுகினாலும் எல்லாம் போய்விடாது. அவற்றில் ஒன்றுக்குத் திருகு குழாய் இருக்கட்டும். பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துக் குடிப்பார்கள்.

பாத்திரங்களை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, தெளிப்பான் குப்பியில் நீர் நிரப்பிப் பீய்ச்சிக் கழுவினால் ஒரு வேளைக்கு அரை லிட்டருக்குள் முடிந்துவிடும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. வியர்வையோடு போகும் உப்பை ஈடுகட்ட, உப்புச் சேர்ந்த தின்பண்டம் எதையாவது கூடவே கொடுக்க வேண்டும். வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால் பிள்ளை வியர்க்கவில்லை என்று தோன்றும். தோற்றத்தை நம்ப வேண்டாம். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, அதன் நிறம் என்ன என்று கேட்பதே சரியான அளவுகோல்.

நான்காம் படி: கூடாரமும் குளிரும் காற்றும்

டெத் வேலியில் காற்று அறிவித்துவிட்டு வருவதில்லை. மாலையில் இலைகூட அசையாது. இரவு பதினொரு மணிக்குக் கூடாரத்தின் ஒரு பக்கச் சுவர் உள்ளே வளைந்து முகத்தில் படும். எங்கள் கூடாரத்தோடு வந்த மெல்லிய கம்பி முளைகள் ஸ்டவ்பைப் வெல்ஸ் முகாமின் சரளைத் தரையில் நான்கு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. அதைப் பொருட்படுத்தாமல் நடக்கப் போய்விட்டுத் திரும்பியபோது, எங்கள் கூடாரம் அடுத்தவர் மேசையில் சாய்ந்து நின்றது. உள்ளே எடை எதுவும் இல்லாததுதான் காரணம்.

ஆகவே பத்து அங்குல நீளமுள்ள தடித்த எஃகு முளைகளையும், ஒரு சுத்தியலையும் கொண்டுபோக வேண்டும். மணற்பாங்கான இடத்தில் முளை பிடிக்காது. அங்கே சிறு துணிப்பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்துவிட்டு, கிளம்பும்போது மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிடலாம். கூடாரத்தின் குறுகிய பக்கத்தைக் காற்று வரும் திசைக்குக் காட்டி நிறுத்துங்கள். நாற்காலியும் நிழற்பந்தலும் பகலில் விட்டுச் செல்லக் கூடாதவை. குறிப்பாக நிழற்பந்தல், அது பறந்தால் யார் மீதாவது விழும்.

அடுத்தது குளிர். ஆயிரம் அடி ஏறினால் 3 முதல் 5 டிகிரி பாரன்ஹீட் குறையும். ஃபர்னஸ் க்ரீக் முகாம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஜம்போ ராக்ஸ் 4,400 அடி உயரத்தில் இருக்கிறது. முதல் மூன்று இரவுகள் போர்வையை உதைத்துத் தள்ளிய பிள்ளை நான்காம் இரவு நடுங்குவதற்கு இதுவே காரணம். மார்ச்சிலும் அங்கே தண்ணீர் உறையும் நிலைக்கு அருகில் போகக்கூடும். ஸ்லீப்பிங் பேக்கின் தரத்தை விட அடியில் விரிக்கும் மெத்தையைக் கவனியுங்கள். காற்று நிரப்பும் சாதாரண மெத்தை, உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். அதன்மேல் ஒரு நுரைப்பாயை விரித்தால் வித்தியாசம் தெரியும். படுக்கும் முன் சூடான நீர் நிரப்பிய உலோகக் குப்பியைக் காலுறைக்குள் திணித்துக் காலடியில் வைத்தால், விடியும்வரை கால் சூடாக இருக்கும். காலையில் அதையே காபிக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: வாகனம்

இந்த இரு பூங்காக்களிலும் பெரும்பாலான இடங்களில் போன் சிக்னல் இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவைத்துக்கொள்வதோடு காகித வரைபடமும் வேண்டும். வழிகாட்டிச் செயலிகள் கைவிடப்பட்ட மண்பாதைகளைக் குறுக்கு வழி என்று காட்டி, ஆட்களை ஆபத்தில் தள்ளியதுண்டு. தார்ச்சாலையை விட்டு இறங்க வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. கற்கள் தாமாக நகர்ந்த தடம் காணப்படும் ரேஸ்ட்ராக் பிளாயா என்ற வறண்ட ஏரிப்படுகைக்குப் போகும் பாதை டயர்களைக் கிழிப்பதற்குப் பேர்போனது. மெல்லிய பனித்தகடுகளைக் காற்று தள்ள, அவை கற்களை நகர்த்துகின்றன என்ற விடையை 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும்; அந்த இடத்தை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜாஷுவா ட்ரீக்குள் எரிபொருள் கிடையாது. டெத் வேலிக்குள் கிடைக்கும், விலை அதிகம். பாதித் தொட்டிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. கார் பழுதானால் காரை விட்டு நடக்கத் தொடங்காதீர்கள். தேடுபவர் கண்ணில் முதலில் படுவது கார்தான்.

ஆறாம் படி: டெத் வேலியில் மூன்று நாள்

ஒவ்வொரு நாளையும் விடியற்காலை, நடுப்பகல், மாலை என மூன்றாகப் பிரித்து நடுப்பகலைக் காலியாக விடுவதே என் முறை. நடப்பதெல்லாம் காலையில், காரில் இருந்தபடி பார்ப்பதெல்லாம் மாலையில்.

மெஸ்கீட் ஃப்ளாட் மணல்மேடுகளுக்குச் சூரியன் எழுவதற்கு முன்பே போய்விடுங்கள். மிக உயர்ந்த மேடு சுமார் 100 அடிதான். ஆறு வயதுப் பிள்ளையும் ஏறிவிடும். காலடி படாத மணலில் இரவு நடந்ததெல்லாம் எழுதியிருக்கும்: வண்டின் இரட்டை வரிசைப் புள்ளிகள், கங்காரு எலி தாவிய குழிகள், சில வேளை பக்கவாட்டில் நகரும் விரியன் பாம்பு விட்டுப்போன சாய்ந்த கோடுகள். பத்து மணிக்குள் காற்றும் மனிதர்களும் அதை அழித்துவிடுவார்கள்.

மறுநாள் காலை பேட்வாட்டர் பள்ளத்தாக்கு. கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே, வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடம் இது. வாகன நிறுத்தத்துக்கு மேலே செங்குத்துப் பாறையில் கடல் மட்டம் எங்கே இருக்கிறது என்று ஒரு பலகை பொருத்தியிருக்கிறார்கள். முதலில் அதைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். அண்ணாந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்கும் வரை 282 அடி என்பது அவர்களுக்கு வெறும் எண்தான். மரப்பாதை முடிந்த இடத்திலேயே பலர் திரும்பிவிடுகிறார்கள். அரை மைலுக்கு மேல் நடந்தால்தான் மிதிபடாத உப்பில் அறுகோணம் போன்ற வரப்புகள் தெளிவாகத் தெரியும். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் ஒரே நாளில் 2.2 அங்குல மழையைக் கொட்டியது. ஓர் ஆண்டுக்கான சராசரி மழையே ஏறத்தாழ 2 அங்குலம். தேங்கிய அந்த நீரோடு அடுத்த குளிர்கால மழையும் சேர, 2024 தொடக்கத்தில் இந்த உப்புவெளியில் ஆட்கள் படகு விட்டார்கள்.

அன்று மாலை ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் என்ற ஒன்பது மைல் ஒருவழிச் சாலை. சாயங்கால ஒளியில்தான் மலைச்சரிவின் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஊதாவும் துலங்கும். சிவப்பும் மஞ்சளும் இரும்புச் சேர்மங்களால், ஊதா மாங்கனீசால் வந்தவை. மூன்றாம் நாள் கோல்டன் கேன்யனில் காலை நடையை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் 5,475 அடி உயரத்து டான்டேஸ் வியூவுக்கு ஏறிவிடலாம். நேற்று நடந்த உப்புவெளி நேர் கீழே வெள்ளைக் கறைபோல் தெரியும். அங்கே கீழுள்ளதைவிட 25 டிகிரி பாரன்ஹீட் வரை குளிர்ச்சியாக இருக்கும்; ஆகையால் ஸ்வெட்டரோடு போக வேண்டும்.

ஏழாம் படி: நான்காம் நாள் பயணம்

ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து ஷோஷோன், பேக்கர், கெல்ஸோ வழியாக, ஜாஷுவா ட்ரீயின் வாசலில் இருக்கும் ட்வென்டிநைன் பாம்ஸ் ஊருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். வெள்ளச் சேதத்தால் இந்தப் பகுதிச் சாலைகள் அவ்வப்போது மூடப்படுவதால், கிளம்பும் முன் விசிட்டர் சென்டரில் கேட்டுக்கொள்ள வேண்டும். பேக்கரில் 134 அடி உயரத்தில் ஒரு வெப்பமானிக் கோபுரம் நிற்கிறது. அந்த உயரம் 1913இன் 134 டிகிரிப் பதிவைக் குறிக்கிறது. பெட்ரோல் நிரப்பும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். கெல்ஸோ மணல்மேடுகள் 650 அடி உயரமானவை. ஏற முழுக் காலை வேண்டும் என்பதால், பயண நாளில் அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. கடைசி ஊரில் எல்லாத் தண்ணீர்க் கேன்களையும் நிரப்பிக்கொண்டு பூங்காவுக்குள் நுழையுங்கள்.

எட்டாம் படி: ஜாஷுவா ட்ரீயில் மூன்று நாள்

டெத் வேலியும் இதுவும் 1994ஆம் ஆண்டின் ஒரே சட்டத்தால் தேசியப் பூங்கா ஆனவை. ஆனால் இங்கே பிள்ளைகளுக்கு இடங்களைக் காட்டி அழைத்துச் செல்ல வேண்டியதே இல்லை. கூடாரத்துக்குப் பின்னாலேயே கருங்கல் பாறைகள் குவிந்து கிடக்கின்றன. ஆகவே முதலில் வகுக்க வேண்டியது பாறை ஏறும் விதி. சொரசொரப்பான அந்தப் பாறையில் ஏறுவது எளிது, இறங்குவது கடினம். "கையூன்றாமல் இறங்க முடியாத இடத்துக்கு ஏறாதே" என்பது எங்கள் வீட்டு விதி. முகாமின் எண்ணைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவையுங்கள். கழுத்தில் ஊதலும் இருக்கட்டும். எல்லாப் பாறைகளும் ஒரேபோல் இருப்பதால், ஐம்பது அடி தள்ளிப் போனாலே திசை தப்பும்.

ஹிடன் வேலியின் ஒரு மைல் வளையப் பாதை சிறியவர்களுக்கு ஏற்றது. பூங்காவுக்குப் பெயர் தந்த மரம் உண்மையில் யூக்கா இனத்தைச் சேர்ந்தது. அதன் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வது யூக்கா அந்துப்பூச்சி மட்டுமே. அந்தப் பூச்சியின் புழுக்களும் அதன் விதைகளைத் தின்றே வளர்கின்றன. அந்த மரத்தில் ஊஞ்சலோ துணிக்கயிறோ கட்டக் கூடாது. மொஹாவி பாதுகாப்பகத்தில் 2020இல் எரிந்த ஒரே தீயில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜாஷுவா மரங்கள் அழிந்தன. எனவே அடுப்புத் தீ வளையத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். காற்றடிக்கும் இரவில் மூட்டவே வேண்டாம். விறகு பொறுக்குவதும் குற்றம். வெளியூரில் வாங்கி வர வேண்டும்.

ஒருநாள் தெற்கே சோயா கள்ளித் தோட்டத்துக்கு இறங்கலாம். சோயா மொச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்பானியப் பெயரின் உச்சரிப்பு அது. தூரத்தில் பஞ்சுப் பொம்மைபோல் தெரியும் இந்தக் கள்ளியின் துண்டுகள் லேசாக உரசினாலே கழன்று தோலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஒட்டும். தோலுக்கும் கள்ளிக்கும் இடையே ஒரு சாதாரணத் தலைச்சீப்பை நுழைத்துச் சட்டென்று வெளிப்பக்கமாகத் தள்ளிவிட வேண்டும். மீந்த முட்களுக்கு இடுக்கி. சீப்பையும் இடுக்கியையும் முதலுதவிப் பெட்டியில் தேடும் நிலை வேண்டாம், சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அமாவாசையை ஒட்டிய நாள்களாக இந்த மூன்று இரவுகளை அமைத்துக்கொண்டால் வானத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் மாத முன்னிரவில் மேற்கு வானில் கார்த்திகைக் கூட்டம், அருகே சிவந்த ரோகிணி, அடுத்துத் திருவாதிரை என்று பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்டலாம். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள், போனை உள்ளே வையுங்கள்.

ஒன்பதாம் படி: ஆபத்து நேரும் இடங்கள்

வறண்ட ஓடைப்படுகையில் ஒருபோதும் கூடாரம் அடிக்கக் கூடாது. அங்கே நடக்கும்போது தூரத்து மலையில் கருமேகம் தெரிந்தாலே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பாலைத் தரை நீரை உறிஞ்சுவதில்லை. தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே பல மைல் தள்ளிப் பெய்த மழை, சேறும் கல்லுமாக வந்து சேரும்.

தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்றால் உடனே நிழல், ஓய்வு, சிறிது சிறிதாக உப்பும் நீரும். பேச்சுக் குழறினாலோ மயக்கம் வந்தாலோ அது வெப்பத்தாக்கு. உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில், செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி சில புதிய போன்களில் உண்டு. அதைப் புறப்படும் முன்பே ஒருமுறை இயக்கிப் பழகுங்கள்.

பாம்பைவிட ஈரம் தேடி வரும் தேனீக்களே முகாமில் தொல்லை. குழாய் ஒழுகும் கேனையும் இனிப்புப் பானத்தையும் மூடிவையுங்கள். தேள்கள் புற ஊதா டார்ச் ஒளியில் பச்சையாக ஒளிரும். பத்து டாலருக்குள் கிடைக்கும் அந்த விளக்கு, பிள்ளைகளின் நீண்ட இரவுக்கு நல்ல பொழுதுபோக்கு. கூடவே செருப்பை உதறிவிட்டுப் போடும் பழக்கத்தையும் அது தானாக ஏற்படுத்திவிடும்.

பத்தாம் படி: கிளம்பும் காலை

கூடாரத்தைக் கவிழ்த்து மணலை உதறி, சிறு குப்பைவரை பொறுக்கி, பாதி எரிந்த விறகை நீரூற்றி, சாம்பலுக்குள் கைவைத்துச் சூடில்லை என்று உறுதி செய்த பிறகு காரைக் கிளப்பலாம். அதற்கு முன் ஒருவர் குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பார்க்க வேண்டும். வசந்தத்தில் பாலை ஆமைகள் காரின் நிழலில் வந்து படுத்திருக்கும். இருந்தால் தூக்கக் கூடாது. பயத்தில் அது சேமித்து வைத்த நீரையெல்லாம் வெளியேற்றிவிட்டால், அடுத்த மழைவரை அதற்கு வேறு நீர் இல்லாமல் போகலாம். அது தானாக நகரும்வரை காத்திருங்கள். எங்களுக்கு ஒருமுறை நாற்பது நிமிடம் ஆயிற்று.